சித்தப்பாவிடம் போன சைக்கிள்

அண்ணன் தன் சைக்கிளை யாருக்கும் தரமாட்டான். கட்டிய மனைவிக்கே தந்ததில்லை. அப்படிப்பட்ட சைக்கிளை அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்துக்கொண்டு போகச் சொன்னது அண்ணிதான்.

“உன் சைக்கிள் பெடல் உடைஞ்சு கிடக்குன்னு நாள் பூரா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு என் முன்னாடி நடமாடாத. இத எடுத்துட்டுப் போ. ஆனா உங்க அண்ணன் ஷிஃப்டுக்குக் கிளம்பணும், மூணு மணிக்குள்ள சைக்கிள் இங்க நிக்கணும்.”

“அதுக்கு முன்னாடியே வந்துடுவேன் அண்ணி.”

“நீ வந்துடுவ. உன் கூட வர்ற கூட்டத்த நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

பயப்படாமல் என்ன செய்வாள்? அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். தரையில் கயிறு கட்டும் வேலையில் சேர்ந்து, பல வருடம் வெயிலில் காய்ந்து, போன வருடம்தான் மேலே இருக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தான். இந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகப் போய்விட்டான். இன்னொரு தடவை பேர் கூப்பிடும்போது நீ இல்லையென்றால் கிரேன் வேறு ஆளுக்கு, நீ மறுபடியும் கீழே கயிற்றுக்கு என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுக வாசலுக்கு பஸ் கிடையாது. சைக்கிள் இல்லாவிட்டால் கூண்டும் இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் தங்கை சைக்கிளை எடுத்தாள்.

நண்பர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேல். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கு மேல் சின்ன ஸ்கேலை வைத்து இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பாள். பிறகு லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். அளவு கொஞ்சம் பிசகினாலும் வாங்கிப் போனவர் மறுநாளே தலைவலியோடு வந்து நிற்பார். அந்தப் பயம் கடையோடு நிற்காமல் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வாள். போட்டு முடித்த கையோடு அதில் எங்கே ஓட்டை என்று தேட ஆரம்பிப்பாள். ஓட்டை எப்போதும் அவள் தேடாத இடத்தில்தான் இருக்கும்.

இன்றைக்கு அது சைக்கிள் மாற்றும் வழக்கத்தில் இருந்தது.

நகரத்தின் ஓரமாக வரிசையாக நான்கு கடற்கரைகள். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கையும் சைக்கிளிலேயே பார்த்துவிட்டு வருவது பள்ளிக்கூட நாளிலிருந்து ஸ்கேலும் மூன்று நண்பர்களும் விடாத பழக்கம். அப்போது நால்வரில் ஒருவரிடம்தான் நல்ல சைக்கிள் இருந்தது. மற்ற மூன்றும் ஓட்டை வண்டிகள். அதனால் ஒவ்வொரு கடற்கரையிலும் சைக்கிளை அடுத்தவருக்கு மாற்றிக்கொள்வார்கள். நான்காவது கடற்கரையில் அவரவர் சைக்கிள் அவரவரிடம் திரும்பி வந்துவிடும். இந்த ஏற்பாட்டைப் பள்ளியில் கண்டுபிடித்ததும் ஸ்கேல்தான். இப்போது எல்லோரும் சம்பாதிக்கிறார்கள், எல்லோரிடமும் ஓடுகிற சைக்கிள் இருக்கிறது. வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. சொல்லப்போனால் அவள்தான் விடவில்லை. அவரவர் உயரத்துக்கு சீட்டை உடனே ஏற்றி இறக்க வசதியாக, ஒவ்வொரு சைக்கிளின் சீட்டுக் கம்பியிலும் நாலு நிறத்தில் டேப் ஒட்டி வைத்திருந்தாள். அண்ணன் சைக்கிளிலும் ஒட்டினாள். திரும்பியதும் கிழித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

முதல் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோடு இளகி டயரில் ஒட்டியது. படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஐஸ் வாங்கித் தின்றார்கள். பேக்கரி என்று அழைக்கப்பட்டவன் இரண்டு தின்றான். இரவெல்லாம் அடுப்பு முன்னால் நின்று ரொட்டி சுட்டுவிட்டு வந்தவன், தின்றபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

“இவன எழுப்புடி, ஐஸ் சட்டையில வழியுது” என்றாள் டீச்சர். குழந்தைகள் பள்ளியில் வேலை செய்பவள். பெரியவர்களிடமும் அதே குரலில்தான் பேசுவாள்.

“தூங்கல. கண்ணுக்குள்ள வெயில் போகாம பாத்துக்கறேன்” என்றான் பேக்கரி.

சித்தப்பா மட்டும் எதுவும் தின்னவில்லை. அவன் கையில் போன் இருந்தது. சித்தப்பா என்பது பெயர்தான். வயது எல்லோருக்கும் ஒன்றுதான். பள்ளியிலேயே நடை, பேச்சு, செருமல் எல்லாம் ஒரு சித்தப்பாவுக்கு உரியதாக இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டதுதான் கொடுமை. அவனைத் திட்டும்போதுகூட ‘வாங்க, போங்க’ என்றுதான் வாயில் வந்தது. தொழில், ஏ.சி. மெக்கானிக். நடுக்கோடையில் ஏ.சி. மெக்கானிக்கை வெளியே கூட்டிக்கொண்டு வருவதும் கல்யாண வீட்டிலிருந்து சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதும் ஒன்று.

“பில்டரைக் கழட்டிக் கழுவுங்கம்மா… இல்லம்மா, சோப்பு வேண்டாம்… சொட்டுதா? எந்தப் பக்கம் சொட்டுது? உள்பக்கமா?”

“சித்தப்பா, போன ஆஃப் பண்ணுங்க” என்றாள் ஸ்கேல்.

“ஒரு நிமிஷம்மா. இவங்க பாவம்.”

“நாங்களும் பாவம்தான்.”

சைக்கிளை மாற்றிக்கொண்டார்கள். வரிசைப்படி ஸ்கேலின் சைக்கிள், அதாவது அண்ணனின் சைக்கிள், சித்தப்பாவுக்குப் போனது. அவளுக்கு வந்தது பேக்கரியின் வண்டி. ரொட்டி கொண்டுபோகிற வண்டி அது. முன்னால் ஒரு பெரிய தகரப் பெட்டி, அதன் நான்கு பக்கமும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு பன் படம். மிதித்தால் பெட்டி முன்னே போக ஆசைப்படும், சக்கரம் வேண்டாம் என்று சொல்லும். பேக்கரிக்கு டீச்சரின் கூடை வைத்த ரோஜா நிற சைக்கிள் கிடைத்தது. டீச்சருக்குச் சித்தப்பாவின் கறுப்புச் சைக்கிள்.

“மணி பாத்துக்கோங்க எல்லாரும். மூணு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்” என்றாள் ஸ்கேல்.

“கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு” என்றான் பேக்கரி. “மூணு மணி, கிரேன், கயிறு, சூப்பர்வைசர். வேற ஏதாவது விட்டுட்டேனா?”

பாதி வழியில் சித்தப்பாவின் போன் மறுபடி அடித்தது. ஓட்டிக்கொண்டே எடுத்தான். “எந்தத் தெரு? ஐஸ் கடைக்குப் பின்னாடியா? நீலக் கேட்டா? அட, நான் இங்கதான்மா இருக்கேன்.” பிரேக்கைப் பிடித்துத் திரும்பினான். “அஞ்சே நிமிஷம். பெரியவர் ஒருத்தர் ரூம்ல ஏ.சி. நின்னுபோச்சாம். நீங்க போயிட்டே இருங்க, அடுத்த பீச்ல பிடிச்சிடறேன்.”

“சித்தப்பா! சைக்கிள்!”

“பத்திரமா இருக்கும்மா, கவலப்படாத!”

கை ஆட்டிவிட்டுச் சந்துக்குள் போய்விட்டான். அண்ணனின் சைக்கிள் வெயிலில் ஒரு தரம் பளிச்சிட்டு மறைந்தது.

இரண்டாவது கடற்கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. குடைகள் மடித்துக் கட்டிக் கிடந்தன. மணலில் கால் வைக்க முடியவில்லை. உப்புக் காற்று கூட அடுப்பு ஊதுகிற மாதிரி சூடாக வந்தது. டீச்சர் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தாள். பேக்கரி தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டான். ஸ்கேல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் செய்தாள், வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தான். மறுபடி செய்தாள், அப்போதும் அப்படித்தான். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை.

“அஞ்சு நிமிஷம்னு சொன்னாரே.”

“அவர் அஞ்சு நிமிஷம்னு சொல்லி எங்க வீட்டு ஏ.சி.யப் பிரிச்சது ஞாபகம் இருக்கா?” என்றது தொப்பிக்குள்ளிருந்து வந்த குரல். “எங்கம்மா அவருக்கு ராத்திரிச் சாப்பாடும் போட்டு அனுப்பினாங்க.”

“இத இப்ப சொல்ற?”

“நீதான வரிசை போட்டது. நான் சொல்லி நீ என்னைக்குக் கேட்ட?”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சித்தப்பாமேல் கோபப்படலாம், ஆனால் அவன் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தான்? தெரிந்தே அவனுக்குப் பக்கத்தில் தன்னை நிறுத்தி வரிசை போட்டது யார்? அண்ணன் சைக்கிளை மட்டும் இன்றைக்கு மாற்ற வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? தோன்றவே இல்லை. சீட்டு உயரத்துக்கு டேப் ஒட்டத் தோன்றியது, இது தோன்றவில்லை.

“திரும்பிப் போய்த் தேடலாம், எந்திரிங்க” என்றாள்.

நீலக் கேட்டைக் கண்டுபிடிக்க அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஐஸ் கடைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருந்தது. கேட்டின் கம்பிகளுக்கு நடுவே பார்த்தால், வாசல் நிழலில், சுவரில் சாய்ந்து, அண்ணனின் சைக்கிள் நின்றது. அவள் கையை நீட்டினாள். விரலுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. கேட்டில் பூட்டுத் தொங்கியது.

“சித்தப்பா!” என்று மூவரும் சேர்ந்து கத்தினார்கள்.

மாடி ஜன்னல் திறந்தது. பனியனோடு ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். கையில் மடித்த செய்தித்தாள், அதனால் விசிறிக்கொண்டே இருந்தார்.

“யாரு?”

“மெக்கானிக் இருக்காருங்களா?”

“இல்ல. ஏதோ பார்ட்ஸ் போயிடுச்சாம். புதுசு வாங்க மருமக கார்ல கூட்டிட்டுப் போயிருக்கா.”

“எப்ப வருவாங்க?”

“அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி வெந்துக்கிட்டு இருக்கேன்?”

ஸ்கேல் குரலைத் தணித்துக்கொண்டாள். “ஐயா, அந்த சைக்கிள் எங்களோடது. கேட்ட மட்டும் திறந்து விட்டீங்கன்னா எடுத்துட்டுப் போயிடுவோம்.”

“அது மெக்கானிக் சைக்கிள்.”

“மெக்கானிக் ஓட்டிட்டு வந்தாரு. ஆனா எங்களோடது.”

“அப்ப மெக்கானிக் திருடனா?”

“ஐயோ, இல்லைங்க!”

“திருடன்னா இப்பவே சொல்லிடுங்க. என் ஏ.சி. மொத்தமும் பிரிஞ்சு தரையில கிடக்கு.”

“அவரு நல்லவருங்க. எங்க ஃப்ரெண்டு.”

“நல்லவரு சைக்கிள நான் ஏன் உங்க கிட்டக் குடுக்கணும்? சாவியும் என்கிட்ட இல்ல, மருமக கொண்டுபோயிட்டா.” ஜன்னலை மூடப் போனவர், உள்ளே இருக்கும் புழுக்கம் ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடாமல் அங்கேயே நின்று அவர்களை முறைத்தபடி விசிறிக்கொண்டார்.

“நான் ஏறிக் குதிக்கிறேன்” என்றான் பேக்கரி.

“குதிச்சு? சைக்கிள வாயில கவ்விக்கிட்டுத் திரும்பி ஏறுவியா?” என்றாள் டீச்சர். “அதோட இந்தத் தெருவுல என் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் வீடு இருக்கு. மானத்த வாங்காத.”

அப்போது ஸ்கேலின் போன் அடித்தது. அண்ணி. குரல் கிசுகிசுவென்று வந்தது.

“எங்க இருக்க? உங்க அண்ணன் எந்திரிச்சாச்சு. குளிக்கப் போயிருக்கார். வந்ததும் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவார். நான் சாதத்த மெதுவாப் போடறேன். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது.”

“அண்ணி, சைக்கிள்…”

“என்ன ஆச்சு சைக்கிளுக்கு?”

“ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு. ஆனா எட்டல.”

“எட்டலன்னா என்னடி அர்த்தம்?”

சொல்ல ஆரம்பித்தால் முடியாது என்று அவள் போனை வைத்துவிட்டாள். சித்தப்பாவுக்கு மறுபடி அடித்தாள். அந்த ஒலி கேட்டின் உள்ளேயிருந்தே வந்தது. சைக்கிளின் பின்னால் தொங்கிய அவன் கருவிப் பைக்குள் போன் கிடந்து பாட்டுப் பாடியது.

“அதான் எடுக்கலயா” என்றான் பேக்கரி.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு ரொட்டி வண்டியில் உட்கார்ந்தபடியே ஹேண்டில்பார்மேல் சாய்ந்தாள். “இப்ப நான் அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்? சைக்கிள் இல்லாம அவன் எப்படிப் போவான்?”

டீச்சர் அவளைப் பார்த்தாள். ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டால் விழிக்கும் குழந்தையைப் பார்க்கிற பார்வை.

“நீ இப்ப எதுமேல சாஞ்சிருக்க?”

“ம்?”

“உனக்குக் கீழ இருக்கறது என்னடி? கட்டிலா?”

ஸ்கேல் குனிந்து பார்த்தாள். சிரிக்கும் பன் அவளைப் பார்த்துச் சிரித்தது.

இவ்வளவு நேரமும் அவள் அண்ணனுடைய சைக்கிளைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு வேண்டியது ஒரு சைக்கிள். அது அவள் தொடைகளுக்கு நடுவிலேயே இருந்தது. கடற்கரையில் வெட்டியாக நின்ற நேரத்துக்கு இதே வண்டியில் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் இதைக் கொண்டுபோய் நிறுத்தினால் அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். சைக்கிள் சாவியை எடுத்துக் கொடுத்தது அண்ணி என்பதும் தெரியும். ஒரு நிமிடம் காத்திருந்தால் கார் வந்துவிடுமோ? தெரு முனையைப் பார்த்தாள். ஒரு நாய்கூட வரவில்லை.

“வண்டி நாளைக்கு விடிகாலைல எனக்கு வேணும்” என்றான் பேக்கரி.

அவள் மிதிக்க ஆரம்பித்திருந்தாள்.

போகிற வழி முழுவதும் அந்தப் பெட்டி தடதடவென்று அடித்துக்கொண்டது. எதிர்காற்று பெட்டியில் மோதி அவளைப் பின்னால் தள்ளியது. சிக்னலில் நின்றபோது ஒரு அம்மாள் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். “இல்லம்மா, இல்ல, இல்ல” என்று கத்தினாள். அந்த அம்மாள் பயந்து ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் அண்ணன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் அண்ணி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ரொட்டி வண்டி வந்து நின்றதும் இருவரும் திரும்பினார்கள்.

“என் சைக்கிள் எங்க?”

“பத்திரமா இருக்குண்ணா. ஒரு வீட்ல. பூட்டின கேட்டுக்குள்ள. நான்தான் எடுத்தேன்.”

“நான்தான் குடுத்தேன்” என்றாள் அண்ணி.

அண்ணன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தான். வாயைத் திறந்தான். மணிக்கட்டைப் பார்த்தான். வாயை மூடினான்.

“இது என்ன?”

“வண்டி. ஓடும். இடது பிரேக் மட்டும் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கணும். சீட்டு உனக்குத் தாழ்வா இருக்கும், ஏத்தித் தரேன்.” அவள் குனிந்து திருகாணியைத் தேடினாள். வியர்வையில் விரல் வழுக்கியது.

“விடு. ஏத்த நேரம் இல்ல.”

ஆறடி மனிதன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் மார்பைத் தொட்டன. ஒரு அடி போனதும் பெட்டி தடதடத்தது. அவன் பன்னைக் குனிந்து பார்த்தான்.

“வந்து பேசிக்கறேன். ரெண்டு பேர்கிட்டயும்” என்றான். மிதித்துக்கொண்டு போனான். தெருமுனை வரைக்கும் தடதடப்பு கேட்டது.

அண்ணி கதவைச் சாத்தாமல் நேராக மொட்டை மாடிக்கு ஏறினாள். ஸ்கேலும் பின்னாலேயே ஏறினாள். தரை கொதித்தது, செருப்பு போடாமல் வந்தது மேலே வந்த பிறகுதான் தெரிந்தது. இருவரும் தண்ணீர்த் தொட்டியின் கோடு போன்ற நிழலில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார்கள். வீட்டுக் கூரைகளுக்கு அப்பால், கானலில் நெளிந்துகொண்டு, துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாகத் தெரிந்தன.

“கடைசிக்கு முன்னாடி இருக்கறது உங்க அண்ணனோடது” என்றாள் அண்ணி. “ஷிஃப்ட் மாறும்போது எல்லாம் நிக்கும். அப்புறம் ஒவ்வொண்ணா நகரும். கல்யாணமான புதுசுல தினமும் வந்து பாப்பேன். அவர்கிட்ட சொல்லிடாத.”

எல்லாம் நின்றிருந்தன. நேரம் நகரவே இல்லை. ஒன்று நகர்ந்தது, அது அண்ணனுடையது அல்ல. அடுத்தது நகர்ந்தது. மூன்றாவதும். கடைசியில் இருந்தது கூடத் திரும்பிவிட்டது. அதற்கு முந்தியது மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

“இடது பிரேக்க முன்னாடியே பிடிக்கணும்னு சொன்னேன்ல?” என்றாள் ஸ்கேல்.

“சும்மா இரு.”

“வேற வழியா போயிருந்தா காத்து எதிர்ல அடிச்சிருக்காது. அதச் சொல்லாம விட்டுட்டேன்.”

“சும்மா இருன்னு சொன்னேன்ல.”

கீழே வாசலில் யாரோ செருமுவது கேட்டது. “வீட்ல யாருமில்லையா? கதவு திறந்து கிடக்கு! சைக்கிளக் கொண்டாந்துட்டேன்மா! துடைச்சே கொண்டாந்திருக்கேன்!”

இருவரும் திரும்பவில்லை.

“ஆமா, ஏன் எனக்காகக் காத்திருக்காமப் போயிட்டீங்க? இன்னும் ரெண்டு பீச் பாக்கி இருக்கே!”

ஸ்கேல் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் வாயில் என்ன வருமோ தெரியாது. ஆனால் நிச்சயம் மரியாதையோடுதான் வரும் என்று நினைக்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி அவள் தோளை அழுத்தினாள். “அங்க பாரு.”

கடைசிக்கு முந்திய கிரேன் ஒரு சின்னக் குலுங்கலோடு அசைந்தது. மற்றவை நிதானமாகத் திரும்பிக்கொண்டிருக்க, அது மட்டும் விருட்டென்று கடல் பக்கம் திரும்பி, ஒரு பெட்டியைத் தூக்கி, விருட்டென்று இந்தப் பக்கம் வந்தது. பெட்டி தரையில் இறங்கிய சத்தம், அவ்வளவு தூரத்திலிருந்தும், சற்றுப் பிந்தி வந்து கேட்டது.

“போய்ச் சேந்துட்டார்” என்றாள் அண்ணி. மூச்சை விட்டுவிட்டு, இன்னொரு பெட்டி இறங்குவதையும் கவனித்துப் பார்த்தாள். “எவ்ளோ கோவமா வைக்கிறார் பாத்தியா? வீட்டுக்கு வந்ததும் நமக்கு நல்லா பூசை இருக்கு.”